சர்பியும் கஞ்சியும்: மும்பையில் பசை மாறிய கதை

மலர்க்குழு அன்பர்கள் இந்த ஆண்டும் கட்டுரை கேட்டார்கள். "ஐயா, சமணர் படுக்கையும் கல்வெட்டும் போன தடவையே எழுதிவிட்டீர்கள், இந்தத் தடவை வேறு ஏதாவது பாருங்கள்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். நியாயம்தான். நான் கல்லூரியில் படித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1979இல், பதினெட்டு வயதில் மும்பைக்கு வந்து, வட்காடி இரசாயன மார்க்கெட்டில் ஒரு கடையில் பில் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். இன்று வரை சோறு போடுவது அந்த மார்க்கெட்தான். ஆகையால் எனக்குத் தெரிந்த பொருளைப் பற்றியே எழுதுகிறேன். அந்தப் பொருளின் பெயர் பசை.

பசை என்றதும் போஸ்டர் ஒட்டுகிற பசையை மட்டும் எண்ண வேண்டாம். துணி நெய்வதற்கும், சோப்புத்தூளுக்கும், ஐஸ்கிரீமுக்கும், மாத்திரைக்கும், எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்கும், டைல்ஸ் பதிப்பதற்கும் பசை வேண்டும். இன்று இந்த இடங்கள் பலவற்றில் இருப்பது செல்லுலோஸ் ஈதர் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த வெள்ளைத் தூள். அது வருவதற்கு முன்னால் என்ன இருந்தது, எப்படி மாறியது, அந்த மாற்றத்தில் நாம் எதைப் பெற்றோம், எதை இழந்தோம் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாவுக்குக் கஞ்சி

தறியில் நெடுக்காக ஓடுகிற நூல் பாவு, குறுக்காக ஓடுகிற நூல் ஊடை. ஊடைக்கு அதிகக் கஷ்டம் இல்லை. பாவு நூலோ அச்சிலும் விழுதிலும் ஆயிரக்கணக்கான முறை உரசுகிறது. வெறும் பருத்தி நூல் அந்த உரசலில் பிசிறு கிளம்பி அறுந்து போகும். அதனால் நெய்வதற்கு முன் பாவுக்குக் கஞ்சி போட்டு, பிசிறைப் படிய வைத்து, நூலின் மேல் மெல்லிய தோல் போல ஒரு படலம் உண்டாக்குகிறார்கள். நம் ஊர் நெசவாளர் தெருக்களில் விடியற்காலையில் பாவை நீள இழுத்துக் கட்டி, கஞ்சி தடவிப் பிரஷ் போடுவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். மில்லில் இதற்குப் பெயர் சைசிங்.

துணிக்குப் பசை போடுவது நமக்குப் புதிதல்ல. குறுந்தொகையின் 330ஆம் பாட்டிலேயே ஆடையைப் பசையில் தோய்த்தெடுத்துக் குளத்தில் அலசும் பெண் வருகிறாள். இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் அந்தச் சொல் மாறவில்லை. பசைக்குள் இருக்கும் பொருள்தான் மாறியிருக்கிறது.

மும்பையில் காவஸ்ஜி நானாபாய் தாவர் 1854இல் பம்பாய் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் கம்பெனியைத் தொடங்கினார். 1856இல் அது ஓட ஆரம்பித்தது. அடுத்த ஐம்பது ஆண்டில் பரேல், லால்பாக் பக்கம் புகைபோக்கிகள் காடு போல எழுந்து, அந்த வட்டாரமே கிரண்காவ், அதாவது மில்லூர், என்று பெயர் பெற்றது. எந்திரம் லங்காஷயரிலிருந்து வந்தது. சைசிங் முறையும் அங்கிருந்தே வந்தது. அந்த முறையில் கஞ்சியாக மாவு, எடைக்குச் சீனாக்களி, நூல் முறுகாமல் மெத்தென்று இருக்க மிருகக் கொழுப்பு என்று மூன்றும் உண்டு. மும்பை பாஷையில் அந்தக் கொழுப்புக்குச் சர்பி என்று பெயர்.

களியின் கதை தனி. 1860களில் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது லங்காஷயருக்குப் பருத்தி வரவில்லை. பருத்தி குறைந்த இடத்தைக் களியால் நிரப்பினார்கள். சில துணிகளில் பருத்திக்குச் சமமாகவே களியும் பசையும் இருந்தது. இந்தியாவிலும் சீனாவிலும் வாங்கியவர்கள் ஒரு துவையலில் துணி சல்லடையாகப் போவதையும், கப்பலிலேயே பூஞ்சை பூத்து வருவதையும் கண்டு கூச்சல் போட்டார்கள். நூலுக்குத் தோலாக வந்த கஞ்சி, வாங்குபவர் கண்ணைக் கட்டும் திரையாகவும் ஆயிற்று. வியாபாரி என்ற முறையில் இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான் எழுதிய பில்கள்

சர்பியின் கதைக்கு வருகிறேன். 1857இல் தோட்டாவில் தடவிய கொழுப்பு சிப்பாய்களிடையே என்ன செய்தது என்பதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படிக்கிறோம். அதே காலத்தில் தொடங்கிய மும்பை மில்களில், நாம் இடுப்பில் கட்டும் வேட்டியின் பாவு நூலில் ஆட்டுக்கொழுப்பு தடவப்பட்டதை யாரும் பாடமாக வைக்கவில்லை. துவைத்தால் போய்விடுகிறதே என்று நினைத்திருக்கலாம்.

நான் சேர்ந்த கடையில் ஸ்டார்ச்சு, புளியங்கொட்டை மாவு, சோடா இவற்றோடு சர்பியும் விற்றது. மூட்டைக்கும் டின்னுக்கும் பில் எழுதுவது என் வேலை. பரேலில் ஒரு மில்லின் சைசிங் காதாவுக்கு முதல் தடவை சரக்கோடு போனபோது, நீராவியும் வெந்த மாவும் கொழுப்பும் சேர்ந்த அந்த வாடையில் எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ராத்திரி சாப்பிடவில்லை. (பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவன் நான். அன்று பகலிலும் சாப்பிடவில்லை என்று கொள்க.) ஊருக்குக் கடிதம் எழுதினேன். அப்பா பதில் போட்டார்: "எந்த வேலையானாலும் செய், அந்தக் கொழுப்பு வியாபாரம் மட்டும் நமக்கு வேண்டாம்டா." நான் முதலாளி சேட்டிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயம். இரண்டரை வருஷம் அந்த பில்களை என் கையால் எழுதினேன். பின்னால் வரப்போகும் பேச்சுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

புளியங்கொட்டை செய்த புண்ணியம்

இரண்டாம் உலகப் போரின் நடுவில் தானியத்துக்கே தட்டுப்பாடு வந்தது. 1943இல் வங்கத்தில் பஞ்சம். மனிதன் சாப்பிடும் மாவை நூலுக்குத் தடவலாமா என்ற கேள்வி எழுந்தது. அப்போது டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் டி.பி. கோஷ், எஸ். கிருஷ்ணா ஆகியோர் புளியங்கொட்டைப் பருப்பிலிருந்து நல்ல பசை கிடைப்பதை ஆராய்ந்து 1942இல் வெளியிட்டார்கள். 1943 முதல் புளியங்கொட்டை மாவு வியாபாரச் சரக்காகவே வந்து, பருத்தி மில்களில் ஸ்டார்ச்சுக்கு மாற்றாக ஏறியது. மார்க்கெட்டில் அதற்கு டி.கே.பி. என்று பெயர்.

நம் கிராமத்துத் தாய்மார்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். தஞ்சாவூர் ஓவியத்தில் மேடு எழுப்பச் சுண்ணத்தூளோடு புளியங்கொட்டைப் பசையைச் சேர்ப்பது பழைய வழக்கம். பழைய காகிதத்தை ஊறவைத்து வெந்தயத்தோடு அரைத்து முறத்துக்கும் கூடைக்கும் மெழுகுவது எங்கள் அம்மா செய்த வேலை. காகிதம் என்பது செல்லுலோஸ். வெந்தயத்தின் வழவழப்பு காலக்டோமன்னான் என்னும் பசைப்பொருள். நாம் பொரியல் செய்கிற கொத்தவரங்காயின் விதையிலும் அதே இனப் பசைதான் இருக்கிறது. ராஜஸ்தானில் அதுவே குவார் கம் என்று பெரும் தொழிலாகியிருக்கிறது.

அதே போர்க்காலத்தில் மலாயா, ஜாவாப் பக்கத்திலிருந்து வந்த ஜவ்வரிசியும் மரவள்ளி மாவும் நின்று போயின. 1943 வாக்கில் சேலத்தில் மாணிக்கம் செட்டியாரும், குஜராத்தியரான போபட்லால் ஷாவும் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழிலைக் கிளப்பினார்கள். 1981இல் சேலத்தில் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. மராட்டியர் விரத நாளில் சாப்பிடும் சாபுதானா கிச்சடிக்கும், துணிக்கான ஸ்டார்ச்சுக்கும் நம் சேலத்துக் கிழங்கே மூலம். எங்கள் வீட்டில் மண்ணுக்கடியில் விளைகிற கிழங்கைச் சமைப்பதில்லை. ஆனால் கிழங்கு மாவை மூட்டை மூட்டையாக விற்றிருக்கிறேன். கொள்கைக்கும் கல்லாப்பெட்டிக்கும் நடுவில் எப்போதும் ஒரு சந்து இருக்கிறது.

மாட்டுங்காவின் பங்கு

மாட்டுங்கா என்றால் நமக்குக் கோயிலும் காபியும் பூக்கடையும் நினைவுக்கு வரும். பசையின் வரலாற்றிலும் மாட்டுங்காவுக்கு இடம் உண்டு. 1924இல் அடேன்வாலா சாலையில் பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கூடம் ஏற்பட்டது. இன்று அது சிர்காட் என்ற பெயரில் நடக்கிறது. பருத்தி விதையில் பஞ்சு எடுத்தபின் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டை இழைக்கு லின்ட்டர் என்று பெயர். செல்லுலோஸ் ஈதர் செய்ய அதைவிடச் சுத்தமான மூலப்பொருள் கிடைப்பது அரிது.

இன்னொன்று, 1933இல் பம்பாய்ப் பல்கலைக்கழகம் தொடங்கிய இரசாயனத் தொழில்நுட்பத் துறை. யு.டி.சி.டி. என்றால் மார்க்கெட்டில் தெரியாதவர் இல்லை. 2008இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி ஐ.சி.டி. ஆயிற்று. நெசவு இரசாயனம் அதன் தொடக்கப் பாடங்களில் ஒன்று. சென்னையில் 1901இல் பிறந்த கே. வெங்கடராமன் 1938இல் அத்துறையின் முதல் இந்திய இயக்குநரானார். சாய வேதியியலில் உலகப் பெயர் பெற்றவர். 1957இல் புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்துக்கும் முதல் இந்திய இயக்குநராகப் போனார். மில்லுக்கும் மருந்துக் கம்பெனிக்கும் சாயப்பட்டறைக்கும் மூளை கொடுத்த இடம் நம் மாட்டுங்காவில், ஒரு தமிழர் தலைமையில் பத்தொன்பது ஆண்டு நடந்தது என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

செல்லுலோஸ் ஈதர் என்றால் என்ன

இனி விஷயத்துக்கு வருவோம். செடிகொடிகளின் உடம்பைத் தாங்கும் நார்ப்பொருளைப் பிரித்துச் செல்லுலோஸ் என்று பெயரிட்டவர் பிரெஞ்சுக்காரரான ஆன்செல்ம் பாயேன். ஆண்டு 1838. அது குளுக்கோஸ் மணிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலை. ஸ்டார்ச்சும் குளுக்கோஸ் மாலைதான். கோக்கும் விதம்தான் வேறு. அந்த ஒரு வேறுபாட்டால் ஸ்டார்ச்சு வெந்நீரில் குழைந்து கஞ்சியாகிறது. செல்லுலோஸோ எத்தனை கொதிக்க வைத்தாலும் கரையாது. மாலைகள் ஒன்றோடொன்று நெருக்கமாகக் கைகோத்து நிற்பதால் நடுவில் தண்ணீர் நுழைய இடமில்லை. பஞ்சு தண்ணீரில் கரையாமல் இருப்பதால்தான் நாம் மழையில் மானத்தோடு நடக்கிறோம்.

லங்காஷயரில் ஜான் மெர்சர் 1844இல் பருத்தியைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துப் பார்த்தார். இழை உப்பி மாறியது. 1850இல் காப்புரிமை பெற்றார். இன்றைய மெர்சரைஸ்டு துணி அவர் பெயரால் வழங்குவது. காஸ்டிக் உள்ளே புகுந்ததும் மாலைகளின் கைப்பிடி தளர்கிறது. அந்தச் சமயம் பார்த்து வேறொரு இரசாயனத்தைச் சேர்த்தால், ஒவ்வொரு குளுக்கோஸ் மணியிலும் உள்ள மூன்று இடங்களில் அது போய்த் தொற்றிக்கொள்ளும். மறுபடி மாலைகள் நெருங்க முடியாது. இடைவெளியில் தண்ணீர் புகும், செல்லுலோஸ் கரையும். இதுதான் செல்லுலோஸ் ஈதரின் சூட்சுமம்.

சூய்டா என்பவர் 1905இல் முதன்முதலாக மீதைல் செல்லுலோஸை விவரித்தார். 1912இல் வியன்னாவைச் சேர்ந்த லீலியன்ஃபெல்டும் வேறு சிலரும் காப்புரிமைகள் எடுத்தார்கள். முதல் உலகப் போர் முடிகிற தறுவாயில், 1918இல், ஜெர்மனியில் கார்பாக்சி மீதைல் செல்லுலோஸ், அதாவது சி.எம்.சி., பிறந்தது. எலும்பிலும் தோலிலும் காய்ச்சுகிற ஜெலட்டினுக்கு மாற்றாகவே அதை அப்போது எண்ணினார்கள். இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

காஸ்டிக் ஏற்றிய செல்லுலோஸோடு மானோகுளோரோ அசெட்டிக் அமிலம் சேர்ந்தால் சி.எம்.சி. மீதைல் குளோரைடு சேர்ந்தால் மீதைல் செல்லுலோஸ். அதோடு புரோப்பிலின் ஆக்சைடும் சேர்ந்தால் ஹெச்.பி.எம்.சி. எத்திலின் ஆக்சைடு சேர்ந்தால் ஹெச்.இ.சி. மூன்று இடங்களில் சராசரியாக எத்தனை இடம் நிரம்பியது என்பதை ஓர் எண்ணால் சொல்வார்கள். சி.எம்.சி.யில் அந்த எண் 0.4க்குக் கீழே போனால் உப்புமே தவிரச் சரியாகக் கரையாது. சந்தைச் சரக்கு பெரும்பாலும் 0.6க்கும் 1க்கும் நடுவில் இருக்கும். வினையில் உப்பும் உண்டாகிறது. அதைச் சாராயத்தில் கழுவி நீக்கினால் உணவுக்கான தரம், 99.5 சதவீதம் சுத்தம். கழுவாமல் விட்டால் சோப்புக்கும் கிணறு தோண்டவும் போகும் மலிவுத் தரம். இரண்டும் பார்வைக்கு ஒரே வெள்ளைத் தூள். வியாபாரியின் நாணயம் சோதிக்கப்படுகிற இடம் இதுதான்.

தாராவியில் கற்ற பாடம்

மீதைல் செல்லுலோஸுக்கும் ஹெச்.பி.எம்.சி.க்கும் ஒரு விசித்திர குணம். பச்சைத் தண்ணீரில் கரையும், வெந்நீரில் கரையாது. கரைந்ததைச் சூடாக்கினால் கட்டியாகும், ஆறினால் மறுபடி இளகும். நம் கஞ்சிக்கு நேர் எதிர்.

1990களின் தொடக்கத்தில் தாராவியில் திரவ சோப்பு செய்கிற திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவருக்கு ஹெச்.பி.எம்.சி. கொடுத்தேன். டிரம்மில் தண்ணீர் விட்டுத் தூளைக் கொட்டிக் கலக்கினார். உருண்டை உருண்டையாகக் கட்டி தட்டிப் போச்சு. வெளியே வழவழவென்று தோல், உள்ளே காய்ந்த மாவு. "நயினாரே, என்ன சரக்கு கொடுத்தீரு, மீன்முட்டை மாதிரி மிதக்குது" என்று ஆள் அனுப்பினார். போய் நின்றேன். எனக்கும் விளங்கவில்லை. அவர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "கேப்பை மாவைக் கொதிக்கிற தண்ணியில நேரா கொட்டினா கட்டி தட்டாதா? முதல்ல பச்சத் தண்ணியில கரைச்சுக்கிட்டுத்தானே ஊத்துவோம்" என்றார்.

எனக்குப் பொறி தட்டியது. கேப்பை மாவு பச்சைத் தண்ணீரில் வேகாது. அதனால் அங்கே ஒவ்வொரு துகளும் தனித்தனியாகப் பிரியும், பிறகு சூட்டில் வேகும். இந்தத் தூளோ வெந்நீரில் கரையாது. ஆகவே வெந்நீரில் பிரித்துக்கொண்டு, பிறகு பச்சைத் தண்ணீர் விட வேண்டும். எந்த நிலையில் கரையாதோ அந்த நிலையில் பிரி, எந்த நிலையில் கரையுமோ அந்த நிலைக்குப் பிறகு கொண்டு போ. சட்டம் ஒன்றுதான், திசைதான் மாறுகிறது. அன்றே செய்து பார்த்தோம், கண்ணாடி போல வந்தது. சி.எம்.சி. சூட்டிலும் குளிரிலும் கரையும் ஆகையால் அதைச் சர்க்கரையோடோ உப்போடோ உலர்ந்தபடியே கலந்து தூவ வேண்டும். பின்னால் பெரிய கம்பெனிகளின் கையேடுகளில் இதையே படித்தேன். எனக்கு முதல் ஆசிரியை அந்த அம்மாதான்.

எங்கெல்லாம் போகிறது

சோப்புத்தூளில் ஒரு சிட்டிகை சி.எம்.சி. இருப்பதால், துணியிலிருந்து பிரிந்த அழுக்கு மறுபடி துணியில் உட்காருவதில்லை. ஜெர்மனியில் 1930களின் இறுதியிலும் போர்க்காலத்திலும், சோப்புக்குக் கொழுப்பு கிடைக்காத நாளில், இந்தப் பயன் பெரிதாயிற்று. 1974இல் மும்பைக்கு மேற்கே கடலில் சாகர் சாம்ராட் என்னும் மிதவைமேடை பாம்பே ஹை எண்ணெய் வயலைக் கண்டது நமக்கு நினைவிருக்கும். கிணறு தோண்டும் சேற்றுக் குழம்பிலிருந்து நீர் பாறைக்குள் கசிந்து போகாமல் தடுக்க உலகெங்கும் சி.எம்.சி. சேர்ப்பது வழக்கம். ஐஸ்கிரீமில் பனிக்கட்டி நறநறவென்று வளராமல் தடுப்பதும் அதுதான். பெட்டியில் ஐ.என்.எஸ். 466 என்றிருந்தால் சி.எம்.சி., 464 என்றிருந்தால் ஹெச்.பி.எம்.சி.

எல்லாம் நன்மை என்று சொல்லவில்லை. 2015இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, சி.எம்.சி. கொடுத்த எலிகளின் குடலில் கிருமிச் சமநிலை மாறி அழற்சி கண்டதாகச் சொன்னது. மனிதருக்கு அதன் பொருள் என்ன என்று ஆராய்ச்சி நடக்கிறது. அனுமதித்த அளவுக்குள் உணவில் சேர்ப்பது சட்டப்படி சரி. எனினும் விற்பவன் இரண்டு பக்கமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இயற்கைப் பசைக்கும் அதன் சூதாட்டம் உண்டு. அமெரிக்காவில் பாறையை உடைத்து எண்ணெய் எடுக்கக் குவார் கம் தேவைப்பட்டதால், 2012இல் குவார் விதை குவிண்டால் 30,000 ரூபாயைத் தாண்டியது. மார்ச் 2012இல் அதன் முன்பேர வணிகத்தையே நிறுத்தினார்கள். மே 2013இல்தான் மறுபடி அனுமதி. கொத்தவரங்காய் விதையைத் தங்கம் போலப் பூட்டி வைத்தவர்களையும், விலை இறங்கியதும் கடனில் மூழ்கியவர்களையும் மார்க்கெட்டில் கண்ணால் பார்த்தேன்.

1982க்குப் பின்

1982 ஜனவரி 18ஆம் தேதி டாக்டர் தத்தா சாமந்த் தலைமையில் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். அது முறையாக முடியவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பல மில்கள் மறுபடி முழுதாக ஓடவில்லை. சைசிங் சரக்குக்குக் கிராக்கி போய், நான் வேலை பார்த்த கடையும் சுருங்கியது. சர்பி பில் எழுதுவது நின்றது. 1983இல் வனஸ்பதியில் மாட்டுக்கொழுப்பு கலந்த விவகாரம் நாட்டையே உலுக்கியபின், கொழுப்பு என்ற பேச்சையே எடுக்க வியாபாரிகள் அஞ்சினார்கள். 1985இல் கையில் இருந்ததைப் போட்டுச் சி.எம்.சி.யும் டி.கே.பி.யும் மட்டும் விற்கும் சிறு வியாபாரத்தைத் தொடங்கினேன். அப்பா சந்தோஷப்பட்டார்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் தைரியமாக எழுந்து நின்று சர்பியை விடவில்லை. இரண்டரை லட்சம் குடும்பங்களின் அடுப்பு அணைந்ததால் அது என்னை விட்டுப் போயிற்று. என் கை சுத்தமானதற்கு விலை கொடுத்தவர்கள் வேறு பேர். லால்பாக் சாளில் எனக்குத் தெரிந்த சைசிங் ஜாபர் ஒருவர் பின்னாளில் காய்கறி வண்டி தள்ளினார். என்னைப் பார்த்தால் சிரிப்பார், ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்.

1991இல் மில் நிலங்களை வேறு உபயோகத்துக்கு மாற்ற வழி திறக்கும் விதி வந்தது. 2001இல் அது திருத்தப்பட்டது. 2006இல் உச்ச நீதிமன்றம் அத்திருத்தத்தை ஏற்றது. புகைபோக்கி நின்ற இடத்தில் இன்று ஐம்பது அறுபது மாடிகள். அந்த மாடிகளில் டைல்ஸ் பதிக்கிற கலவையில் நூறு கிலோவுக்குக் கால் கிலோ, அரை கிலோ ஹெச்.பி.எம்.சி. சேர்கிறது. சிமெண்டிலுள்ள நீரைச் செங்கல்லும் டைல்ஸும் உறிஞ்சிவிடாமல் அது பிடித்து வைக்கிறது. ஒரு காலத்தில் பாவு நூலுக்குக் கஞ்சி காய்ச்சிய அதே நிலத்தில், இன்று செல்லுலோஸ் பசை பளிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கே நூல் நூற்றவரின் பேரப்பிள்ளை அந்த வீட்டில் வாடகைக்குக்கூட இருக்க முடியாது.

கேப்ஸ்யூலும் கண்ணும்

2001 முதல் பாக்கெட் உணவில் சைவத்துக்குப் பச்சைப் புள்ளி போட வேண்டும் என்று சட்டம் வந்தது. மருந்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கேப்ஸ்யூலின் கூடு பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டின் எலும்பும் தோலும். இதற்கு மாற்றாக ஹெச்.பி.எம்.சி. கூடு வந்துவிட்டது. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் இது குறித்துப் பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. விலை கூடும், மருந்து கரையும் நேரம் மாறக்கூடும் என்று மருந்துத் துறையினர் எதிர்ப்புச் சொன்னார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஏழை நோயாளிக்கு மருந்து எட்டாமல் போனால் அதுவும் இம்சைதான்.

நான்கு ஆண்டுக்கு முன் எனக்குக் கண்புரை அறுவை. செம்பூரில் டாக்டரம்மாவிடம் கேட்டேன்: "அம்மா, அறுவையின்போது கண்ணுக்குள் ஒரு வழவழப்பான திரவம் விடுவீர்களாமே, அது என்ன?" முதலில் சிரித்தார், பிறகு பொறுமையாகச் சொன்னார். லென்ஸை வைக்கும்போது கண்ணின் மெல்லிய உட்தோல் உரசாமல் காக்கிற திரவம் அது. 1980 வாக்கில் உலகச் சந்தைக்கு வந்தது சேவல் கொண்டையிலிருந்து எடுத்த ஹயலுரோனேட். விலை அதிகம். இந்தியாவில் பெரும்பாலும் பயன்படுவது 2 சதவீத ஹெச்.பி.எம்.சி. கரைசல். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலாப் போன்ற நிறுவனங்கள் மலிவாகச் செய்து தருகின்றன. "உங்களுக்கும் அதுதான்" என்றார்.

பாவு நூல் உரசாமல் காத்த குடும்பத்துப் பொருளே என் கண் உரசாமலும் காத்தது. லட்சக்கணக்கான ஏழைகளுக்குப் பார்வை கிடைத்ததில் அந்த மலிவு விலைக்கும் பங்கு உண்டு.

ஆனாலும் பச்சைப் புள்ளியோடு கணக்கு முடிந்துவிடாது. காஸ்டிக் சோடாவும் குளோரோ அசெட்டிக் அமிலமும் தொழிலாளியின் தோலைச் சுடும். மீதைல் குளோரைடு மூச்சுக்கு ஆகாது. கழுவிய உப்புநீர் எங்கே போகிறது என்று நான் ஒவ்வொரு கம்பெனியிலும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். சில இடத்தில் அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள், சில இடத்தில் டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சை மாற்றுகிறார்கள்.

உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம், அணுக்கள் ஒன்றுசேர்வது வழவழப்பாலும் வறட்சியாலும் என்று கூறுகிறது. அதில் பாலிமர் வேதியியல் இருக்கிறது என்று முடிச்சுப் போட மாட்டேன். அப்படிப் போடுகிறவர்களை நான் நம்புவதும் இல்லை. எது எதோடு எதனால் ஒட்டுகிறது என்று கேட்பது பழைய கேள்வி என்று மட்டும் சொல்வேன்.

அப்பா எழுதிய அந்தக் கடிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. கண் சரியானபின் எடுத்துப் படித்தேன். எழுத்து தெளிவாகத் தெரிந்தது.